கிளியர் யார் அடிப்பது?

சில வருடங்களுக்கு முன்பு வரை கார் பெயிண்ட் பற்றி எனக்கென்று தனி அபிப்பிராயம் எதுவும் கிடையாது. ஒரு ஆட்டோ என் சில்வர் காரின் முன் பம்பர் ஓரத்தை உரசிவிட்டுப் போனது, கூடவே கதவிலும் ஒரு கோடு. பக்கத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். இரண்டையும் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு மறந்தும் போனேன். சில மாதம் கழித்து வாட்டர் சர்வீஸுக்கு விட்டிருந்தபோது, பையன் பீய்ச்சிய தண்ணீர் நம்பர் பிளேட் ஓரத்தில் எங்கேயோ நுழைந்து பெயிண்ட்டைத் தூக்கியது. அப்புறம் அது நிற்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு ஒரே ஏடாக உரிந்து தரையில் விழுந்தது. நிறம், அதன் மேல் பளபளப்புக்காக அடிக்கும் நிறமில்லாத கிளியர், அடியில் பிடிப்புக்காக அடிக்கும் பிரைமர் எல்லாம் ஒன்றோடொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. பம்பரைத்தான் எதுவும் பிடிக்கவில்லை. கீழே தெரிந்த கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு கீறல்கூட இல்லை, அச்சிலிருந்து இப்போதுதான் எடுத்தது போல வழுவழுவென்று இருந்தது.

பட்டறைக்குப் போன் செய்தால், "பிரஷர் வாஷ் விட்டா பம்பர்ல அப்படித்தான் சார் ஆகும்" என்றார்கள். அதே ஆட்கள், அதே நாளில், அதே டப்பாவிலிருந்து அடித்த கதவு பக்கத்திலேயே நிற்கிறது. அதன் மேலும் அதே தண்ணீர்தான் அடித்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. பணம் போனதைவிட, "அப்படித்தான் ஆகும்" என்ற பதில்தான் அதிகம் உறுத்தியது.

இன்சூரன்ஸில் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கார் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு தெரியும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயமாக நம் கையிலிருந்து போகும் 1000 ரூபாய் வேறு. அதற்கு மேல், க்ளெய்ம் செய்யாமல் காப்பாற்றி வைத்திருக்கும் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். 50 சதவீதம் வரை ஏறியிருக்கும் போனஸை ஒரு பம்பர் உரசலுக்காக யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே இந்த நாட்டில் பம்பர் உரசல் என்பது பெரும்பாலும் கைக்காசு வேலை. கைக்காசு வேலை என்றால் சீக்கிரம் முடிய வேண்டும், மலிவாகவும் முடிய வேண்டும்.

மிளகாய்த்தூள் டப்பாவின் உறவுக்காரன்

பம்பரைக் கழற்றுவது நினைத்த அளவு கஷ்டமில்லை. சக்கர வளைவுக்குள் சில ஸ்க்ரூ, மேலே பானெட் ஓரத்தில் சில கிளிப், பிறகு பக்கவாட்டில் தைரியமாக ஒரு இழுப்பு. கழற்றித் திருப்பிப் போட்டபோது உள்பக்கத்தில் அச்சிலேயே பதிந்திருந்த எழுத்துகளைப் பார்த்தேன்: இரண்டு கோணக்குறிகளுக்கு நடுவே பிபி, பிறகு ஒரு கூட்டல் குறி, ஈபிடிஎம், கடைசியில் டி20. எனக்கு எல்லாமே அங்கேதான் மாறியது. அதுவரை 'பிளாஸ்டிக்' என்பது எனக்கு ஒரே பொருள். அது எந்தப் பிளாஸ்டிக் என்று பம்பரே சொல்லிக்கொண்டிருப்பதும், பெயிண்ட் அடித்த ஆள் அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பிபி என்றால் பாலிபுரொப்பிலீன். ஈபிடிஎம் என்பது இடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கச் சேர்க்கும் ரப்பர். டி20 என்றால் 20 சதவீதம் டால்க், முகப் பவுடரில் போடுகிறார்களே, அதே கல் மாவு. பாலிபுரொப்பிலீனை நமக்கு நன்றாகவே தெரியும். சமையலறை டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தால் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும். அந்த டப்பாவில் மிளகாய்த்தூள், மல்லித்தூள் என்று எழுதி ஒட்டிய லேபிள் எத்தனை நாள் நின்றது என்று யோசித்துப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் என்கிறோமே, அதேதான். இதன் மேற்பரப்பின் ஆற்றல் மிகக் குறைவு. மேலே விழும் திரவத்தைப் பரவவிடாது, பிடித்துக்கொள்ள வேதியியல் ரீதியாகக் கொக்கி எதுவும் தராது. கதவின் தகரத்துக்கு ஒட்டுகிற பிரைமரை இதன் மேல் அடித்தால், காய்ந்து படலமாகும், அழகாகவும் இருக்கும், ஆனால் ஒட்டியிருக்காது. சும்மா போர்த்திக்கொண்டிருக்கும். ஒரு ஓரம் திறந்தால் போதும்.

தொழிற்சாலையில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று படித்தபோது இன்னொன்றும் புரிந்தது. காரின் இரும்பு உடலை முழுசாகத் தொட்டியில் முக்கி, மின்சாரத்தால் படியவைக்கும் எலக்ட்ரோகோட் என்ற அடிப்பூச்சை ஏற்றி, 160 டிகிரிக்கு மேல் அடுப்பில் வேகவைக்கிறார்கள். பாலிபுரொப்பிலீன் உருகுவதே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான். அதனால் பம்பர் அந்த வரிசையில் போகவே முடியாது. தனியாக, பல சமயம் வேறொரு இடத்தில், 80 டிகிரி அளவில் உலரும் பெயிண்ட்டோடு தயாராகி, கடைசியில் வந்து காரோடு சேர்கிறது. பெயிண்ட் ஒட்டுவதற்காக அதன் மேல் எரிவாயுச் சுடரைக் கண்ணிமைக்கும் நேரம் ஓடவிடுவார்கள். சுடர் மேற்பரப்பில் ஆக்சிஜனை ஏற்றி, பெயிண்ட் பிடித்துக்கொள்ள இடம் உண்டாக்கும். இல்லையென்றால் குளோரின் ஏற்றிய பாலிஓலிஃபின் (பாலிபுரொப்பிலீன் சேர்ந்த பிளாஸ்டிக் குடும்பம்) கலந்த ஒரு மெல்லிய கோட் அடிப்பார்கள். நம் ஊர்க் கடைகளில் 'பிளாஸ்டிக் பிரைமர்' என்று ஸ்ப்ரே டப்பாவில் விற்பது பெரும்பாலும் இதுதான். நிறமே இருக்காது. தண்ணீர் மாதிரிப் போகும். அடித்தது அடிக்காதது கண்ணுக்குத் தெரியாது. பட்டறையில் எது விடுபட்டது என்று எனக்கு இப்போது தெளிவாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்கு யார் பணம் தருவார்கள்?

இணையத்தில் ஒரு சோதனை சொல்வார்கள்: ஒரு துண்டு பிளாஸ்டிக்கை வெட்டித் தண்ணீரில் போடு, மிதந்தால் பாலிபுரொப்பிலீன், மூழ்கினால் வேறு. நம்பாதீர்கள். 20 சதவீதம் டால்க் கலந்தது மூழ்கவும் செய்யும். திருப்பிப் போட்டு எழுத்தைப் படிப்பதே உத்தமம்.

மொட்டை மாடியில்

முதலில் காரின் பக்கக் கண்ணாடி மூடிகளில்தான் கைவைத்தேன். அவற்றின் உள்பக்கம் ஏபிஎஸ் என்று இருந்தது. பிளாஸ்டிக் வகைகளில் ஏபிஎஸ் நல்ல பிள்ளை. நன்றாகக் கழுவி, சொரசொரப்பாக்கினால் பெயிண்ட் ஒட்டிக்கொள்ளும். சின்னப் பாகம், கையில் பிடித்துத் திருப்பலாம், கெட்டுப்போனால் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் இன்னொன்று கிடைக்கும். வீட்டில் தொடங்குகிறவர் இதிலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. நேராக பம்பரில் இறங்குகிற வீடியோக்களைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வேலையில் பாதி கழுவுவது, மீதியில் பாதி தேய்ப்பது. பாத்திரம் கழுவும் திரவமும் பச்சை நாரும் முதலில். அச்சிலிருந்து பிளாஸ்டிக் கழன்று வருவதற்காகத் தடவும் மெழுகுப் பொருளின் மிச்சம், வாட்டர் சர்வீஸில் பூசிய பாலிஷ், டேஷ்போர்டுக்கென்று அடித்த சிலிக்கான், நம் கை எண்ணெய் எல்லாம் போக வேண்டும். தேய்ப்பதற்கு முன்பே கழுவ வேண்டும் என்பதுதான் முக்கியம். இல்லாவிட்டால் உப்புத்தாள் அந்த எண்ணெயையே கோடுகளுக்குள் அழுத்தி வைத்துவிடும். கழுவி முடித்தபின் மேலே தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சரி. முத்து முத்தாகப் பிரிந்து நின்றால் மறுபடி சோப்புதான். பிறகு 400, 600 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பு. கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி. வெற்று பாலிபுரொப்பிலீனை அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால் மாதிரி சிலும்பும், அதனால் அதில் கை இன்னும் லேசாக இருக்க வேண்டும்.

அடிப்பதற்கு நேரம் பார்ப்பது சென்னையில் ஒரு தனிக்கலை. விடிகாலையில் காற்று அசையாது, ஆனால் ஈரம் அதிகம். பெயிண்ட்டின் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து, கிளியர் பால் கலந்தது போல வெளுத்துவிடும். மதியம் போனால் கடல்காற்று வந்து தெருப் புழுதி முழுவதையும் ஈரப் பெயிண்ட்டில் ஒட்டிவிடும். நடுவே, வெயில் ஏறி ஈரம் குறைந்து, காற்று இன்னும் திரும்பாத காலை நேரம் ஒன்று இருக்கிறது. அதுதான் நமக்கு. மாடியில் துணி காயப்போடும் அக்காக்களிடம் முதல் நாளே சொல்லி வைப்பதும் இதில் சேர்த்தி. சில்வர் புள்ளி போட்ட வேட்டியை யாரும் விரும்புவதில்லை.

டப்பாவில் அடிப்பதற்கென்று பெரிய ரகசியம் எதுவும் இல்லை. உள்ளே உருளும் குண்டின் சத்தம் கேட்கத் தொடங்கியபிறகும் 2 நிமிடம் குலுக்க வேண்டும். ஒரு சாண் தூரத்துக்குச் சற்று மேலே பிடிக்க வேண்டும். பாகத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, வெளியே போய்த்தான் விரலை எடுக்க வேண்டும். முதல் கோட் முழுசாக மூடக் கூடாது, தூவியது போல இருந்தால் போதும். அவசரப்பட்டு ஒரேயடியாக மூடினால் ஒழுகும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே 10 நிமிடமாவது காயவிட வேண்டும். இந்த ஸ்ப்ரே டப்பாவுக்கு ஒரு கதை உண்டு. 1949இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், எட்வர்ட் சீமோர் என்ற பெயிண்ட் வியாபாரி, தன் அலுமினிய நிறப் பெயிண்ட்டை வாடிக்கையாளர்களுக்கு எளிதாக அடித்துக் காட்ட வழி தேடிக்கொண்டிருந்தார். பெயிண்ட்டை ஏரோசோல் டப்பாவில் அடைக்கும் யோசனையைக் கொடுத்தது அவர் மனைவி. ஆக, முதல் ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவிலிருந்து வந்ததும் கிட்டத்தட்ட என் காரின் நிறம்தான்.

அந்த நிறத்தில்தான் தலைவலியும். சில்வர் என்பது நிறம் மட்டுமல்ல, பெயிண்ட்டுக்குள் மிதக்கும் நுண்ணிய அலுமினியச் சில்லுகள். அவை படுத்திருக்கின்றனவா நிமிர்ந்திருக்கின்றனவா என்பதைப் பொறுத்து அதே பெயிண்ட் வேறு நிறமாகத் தெரியும். ஈரமாக அடித்தால் சற்று இருண்டு, தூரத்திலிருந்து வறண்டு அடித்தால் சற்று வெளுத்து. கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும் நிறக் குறியீட்டைச் சொல்லி, கடையில் கலந்து டப்பாவில் ஏற்றித் தந்ததுதான். ஆனாலும் கை மாறினால் நிறம் மாறும். கண்ணாடி மூடிகள் தனியாக நிற்பதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பம்பரோ, சக்கரத்துக்கு மேலே வரும் ஃபெண்டர் தகரத்தோடு ஓரம் சேர்ந்து நிற்கும் பாகம். ஒரு நாள் ஷோரூமில் நின்றிருந்த புத்தம்புதுக் கார்களைச் சாய்ந்த வெயிலில் பார்த்தேன். வெள்ளையில் தெரியவில்லை. சில்வரிலும் சாம்பலிலும் பம்பர் ஒரு நிறம், ஃபெண்டர் ஒரு நிறம். தனித்தனியாக வெந்தவை தனித்தனியாகத்தான் இருக்கும். அதன்பின் நிறப் பொருத்தம் பற்றிய கவலையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். ஒட்டினால் போதும்.

கைக்குட்டை

மிச்சமிருந்தது கிளியர். வீட்டில் டப்பாவில் அடிப்பது ஒன் கே, அதாவது தின்னர் ஆவியானால் காய்ந்துவிடும் வகை. பெட்ரோல் பட்டால் இளகும், நம் வெயிலில் சில வருடத்தில் மங்கும். பட்டறையில் அடிப்பது டூ கே. ஹார்டனர் கலந்தது, வேதிவினையில் இறுகுவது. பெட்ரோலுக்கு அசையாது, ஆழமான பளபளப்பு வரும். டப்பாவிலேயே டூ கேயும் கிடைக்கிறது. அடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே ஹார்டனர் உடைந்து கலக்கும். வாங்கலாம் என்றுதான் இருந்தேன். எச்சரிக்கையைப் படித்தபிறகு வாங்கவில்லை.

ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். பெயரைக் கேட்டதும் போபால் ஞாபகம் வரும். 1984 டிசம்பரில் அங்கே கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். இது அதுவல்ல. ஹெக்சாமெத்திலீன் டைஐசோசயனேட்டிலிருந்து செய்யும் கனமான மூலக்கூறுகள், எளிதில் ஆவியாகாதவை. டப்பாவைத் திறந்து வைத்தால் பெரிதாக எதுவும் எழும்பாது. ஆனால் ஸ்ப்ரே கன்னில் ஏற்றிப் புகையாக அடித்தால், ஆவியாக வேண்டிய அவசியமே இல்லாமல் துளியாகவே நுரையீரலுக்குள் போய்விடும். பல நாடுகளில் தொழிலால் வரும் ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களில் இது ஒன்று. ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அதன்பின் மிகச் சிறிய அளவே மூச்சுத் திணறலைக் கொண்டுவரப் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல், 0.1 சதவீதத்துக்கு மேல் டைஐசோசயனேட் உள்ள பொருளைத் தொழிலில் பயன்படுத்துவோர் பயிற்சி பெற்றிருப்பது கட்டாயம். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் விளையாட வருவார்கள். இங்கே அடிப்பதில்லை என்று முடிவு செய்தேன். நல்ல முடிவு என்று எனக்கு நானே சொல்லியும் கொண்டேன்.

அதனால் பம்பரைக் கழுவி, பழைய பெயிண்ட்டை உரித்து, தேய்த்து, போரூர் பக்கம் ஒரு பெயிண்டரிடம் கொண்டுபோனேன். கையில் பிளாஸ்டிக் பிரைமர் டப்பாவும் இருந்தது. அவர் பம்பரை வெளிச்சத்தில் பிடித்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இது யாரு தேச்சது?"

"நான்தாண்ணே."

"கேன் பெயிண்ட் எதுவும் அடிக்கலயே? அடிச்சிருந்தா நான் தொட மாட்டேன். மேல டூ கே விட்டா அடியில சுருங்கித் தூக்கிடும்."

அடிக்கவில்லை என்றேன். பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "தெரியும் தம்பி. எங்களுக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? காலையில விட்டுட்டு சாயங்காலம் வண்டி கேக்கிறாங்க. ரேட்டையும் கொறைக்கச் சொல்றாங்க. இவ்ளோ நேரம் தேய்க்க நான் ரெண்டு பசங்களுக்கு கூலி குடுக்கணும். அதை யாரு தருவாங்க?" என் பழைய பட்டறைக்காரர்கள் மேல் இருந்த கோபம் அங்கேயே கொஞ்சம் கரைந்தது. முழுசாக இல்லை.

தார்ப்பாய் கட்டிய மறைப்புக்குள் அவர் அடிக்கத் தொடங்கியபோது நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கை அப்படி ஒரு கை. தோளிலிருந்து நேர்கோடாகப் போய் நேர்கோடாகத் திரும்பியது. நிறம் முடிந்து, ஹார்டனர் கலந்து, கிளியரைக் கன்னில் ஊற்றினார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"மாஸ்க் இல்லையாண்ணே?"

"அதைப் போட்டா வேர்த்துக் கொட்டுது. முன்னால என்.சி. பெயிண்ட் அடிக்கும்போதுதான் தலை சுத்தும். இதுல வாசனையே கம்மிதான்."

என்.சி. என்றால் நைட்ரோசெல்லுலோஸ், தின்னர் நெடி தூக்கும் பழைய வகைப் பெயிண்ட். டூ கேயில் வாசனை கம்மி என்பதுதான் அதன் ஆபத்தே. மூக்கு எச்சரிக்காது. அதனால்தான் ஆவியை உறிஞ்சும் வடிகட்டி மாட்டிய சாதாரண கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கைக்கூட இதற்குப் போதும் என்று எளிதாகச் சொல்ல முடியாது. கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டதை மூக்கால் கண்டுபிடிக்க வழியில்லை. குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடிதான் சரியான ஏற்பாடு. பட்டறையில் கம்ப்ரசர் இருக்கிறது, ஆனால் அதன் காற்றில் எண்ணெய் கலந்திருக்கும், அதை வடிகட்டத் தனி ஃபில்டர் வேண்டும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிதான். ஆனா பேனலுக்கு ஐநூறு ஏத்துனா பக்கத்து ஷெட்டுக்குப் போயிடுவீங்க" என்றார். போயிடுவாங்க என்று சொல்லவில்லை, போயிடுவீங்க என்றுதான் சொன்னார். நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் பொய்யாக இருந்திருக்கும்.

முன் பம்பர் நன்றாகவே இருக்கிறது. எத்தனையோ வாட்டர் சர்வீஸ் பார்த்துவிட்டது, ஒரு ஓரம்கூடத் தூக்கவில்லை. கீழ்ப்பாதி வேலையை வீட்டிலும் மேல்பாதியைப் பட்டறையிலும் செய்வதுதான் சிறந்த முறை என்று நண்பர்களிடம் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டும் இருந்தேன். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது சரிதான். என் மாடிக்கு ஆகாது என்று நான் ஒதுக்கியதை, கைக்குட்டை கட்டிய ஒரு மனிதரிடம் காசு கொடுத்துத் தள்ளிவிட்டிருக்கிறேன் என்பது மட்டும் அந்த முறைக்குள் எங்கும் உட்கார மறுக்கிறது. நான் போகாவிட்டால் அவர் அடிக்காமல் இருக்கப் போகிறாரா என்று ஒரு வாதம் வரும். வரிசையில் இன்னும் நாலு வண்டி நிற்பது உண்மைதான். அந்த வாதத்தை நானே பலமுறை எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஏறவில்லை.

பிறகு பின் பம்பரின் மூலையில் ஒரு தூண் உரசியபோது, முழுவதையும் மாடியிலேயே முடித்தேன். பிளாஸ்டிக் பிரைமர், நிறம், மேலே ஒன் கே கிளியர். கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுக்கொண்டேன். தின்னர் ஆவிக்கு அது போதும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளிபுள்ளியாக மேடுபள்ளம் தெரியும். முன் பம்பரோடு ஒப்பிட்டால் பளபளப்பு பாதிதான், "வண்டி ரெண்டு கலர்ல ஓடுது மாமா" என்று மச்சினன் சொல்லிவிட்டான். பெட்ரோல் மூடி இருக்கும் பக்கம் அடித்திருந்தால் இந்த கிளியரை நம்பியிருக்க மாட்டேன், இது எதிர்ப்பக்க மூலை. சில வருடத்தில் மங்கினால் தேய்த்துவிட்டு இன்னொரு டப்பா அடித்துக்கொள்ளலாம். முன் பம்பரில் கல் பட்டு கிளியர் உடைந்தால் என்ன செய்வேன் என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. போரூர் வழியாகப் போகும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.